சந்தனப் பொட்டும் சூப்பர்வைசர் வேலையும்

பிள்ளைகளே, எனக்கு எட்டு வயது இருக்கும்போது என் சித்தி ரெட்டியபட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறி அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நூலைக் கோனில் சுற்றுகிற பிரிவு. புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் வேலை பழக்கிவிடுவதும் சித்திதான். அதனால் பழைய சூப்பர்வைசர் ஓய்வு பெற்றதும் அந்த இடம் தனக்குத்தான் என்று முடிவுகட்டி, வீட்டில் முன்கூட்டியே அதிகாரம் பண்ண ஆரம்பித்துவிட்டாள்.

"ஏக்கா, சூப்பர்வைசருக்கு ஒரு காப்பி" என்றுதான் என் அம்மாவிடம் கேட்பாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளி மில் வாசலில் ஒரு போர்டு மாட்டினார்: 'சூப்பர்வைசர் தேவை. பட்டதாரிகள் மட்டும்.' விருதுநகர் பக்கம் ஒரு மில்லில் சூப்பர்வைசர்கள் எல்லாரும் பட்டம் வாங்கியவர்களாம். இவருக்கும் அந்தக் கௌரவம் வேண்டியிருந்தது. சித்தி படித்ததோ பத்தாவது. வீட்டில் காப்பி கேட்பது நின்றுபோனது.

ஆயுத பூஜை வந்தது. புதிதாக வாங்கியிருந்த தானியங்கி மிஷினை வேறு யாரையும் தொடவிடாமல், முதலாளியே பக்தியோடு அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாராம். மறுநாள் விஜயதசமிக்கு நல்ல நேரத்தில் மிஷினை ஓட்டுவார்கள், சுண்டலும் கொடுப்பார்கள் என்று சித்தி என்னையும் கூட்டிப்போனாள்.

முதலாளி சுவிட்சைப் போட்டார். மிஷின் ஒரு உறுமல் உறுமிவிட்டு நின்றது. மறுபடியும் போட்டார். மறுபடியும் நின்றது. நல்ல நேரம் முடியப்போகிறதே என்று அவருக்கு வேர்த்துக்கொட்டியது.

சித்தி மிஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு சிரித்தாள்.

"மொதலாளி, நூலு அறுந்திருச்சான்னு பாக்க இதுக்கு ஒரு கண்ணு இருக்குல்ல? அதை அடைச்சு பொட்டு வச்சிருக்கீக. நூலு இருக்கது அதுக்கு எப்பிடித் தெரியும்?"

முந்தானையை நனைத்துத் துடைத்தாள். மிஷின் ஓடியது. முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஏத்தா, நீதான் இனிமே சூப்பர்வைசரு. ஒனக்கு மட்டும் அந்த ரூலு கெடையாது."

நான் சுண்டலோடு துள்ளினேன். சித்தியோ நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"எனக்கு மட்டும்னா வேண்டாம் மொதலாளி. அந்தப் போர்டைக் கழத்துங்க. படிச்சவுகளும் வரட்டும், படிக்காதவுகளும் வரட்டும். வேலையச் செய்யவிட்டுப் பாத்து எடுங்க."

"அப்பறம் நம்ம மில்லுக்கு என்னத்தா மரியாதை?"

"நீங்க எந்தக் காலேசு மொதலாளி?"

இருந்த வேலையும் போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது. முதலாளி முறைத்தார். முறைத்துக்கொண்டே இருந்தவர், திடீரென்று வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார்.

"எட்டாவது ஃபெயிலு. தெரிஞ்சுக்கிட்டேதான கேக்குற?"

அவரே வாசலுக்குப் போய் போர்டைக் கழற்றினார். "ஒன் வேலையத்தான் இப்பப் பாத்துட்டேன்ல, நீயே சூப்பர்வைசரு" என்றார்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் மில்லுப் பெண்கள் குலவை போட்டார்கள். கண்டக்டர், "யாருக்கும்மா கல்யாணம்?" என்றார்.

"மிஷினு ஓடிருச்சுண்ணே!" என்றேன் நான், பெருமையாக. பஸ்ஸே சிரித்தது.

அந்த மில்லுப் பெண்களில் ஒரு அக்கா, ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் விடாமல் குலவை போட்டுக்கொண்டிருந்தாள். வேலை கிடைத்தது சித்திக்கு. இந்த அக்காவுக்கு எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று வீடு வந்து சேரும்வரை யோசித்தும் எனக்கு விளங்கவே இல்லை.