மழைச்சோறும் அம்மன் படமும்

இதை எழுத நினைத்து எத்தனையோ வருடம் ஓடிவிட்டது. பெற்ற தாய் ஊரார் முன்னால் அழுததை நானே எழுதுவதா என்று ஒவ்வொரு தடவையும் பேனாவை மூடிவைத்துவிடுவேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். அம்மன் துணையிருக்கிறாள் என்ற தைரியத்தில் இப்போது எழுதுகிறேன்.

திருச்சுழிக்குப் பக்கத்தில், வானத்தை நம்பி விதைக்கிற ஊர் எங்களுடையது. நான் இரண்டாம் வகுப்புப் படித்த வருடம், வீட்டிலிருந்த விதைக் கம்பு முழுவதையும் அப்பா ஈரமில்லாத புழுதியிலேயே விதைத்துவிட்டார். ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. விதையை எறும்பு இழுத்துக்கொண்டிருந்தது. இது முளைக்காவிட்டால் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போகவேண்டியதுதான் என்று சொல்லி, அருப்புக்கோட்டையில் வீட்டுக்கு ஒரு புதுப் பூட்டு வாங்கிவந்து அப்பா ஆணியில் மாட்டினார். அம்மா அதைப் பார்த்துவிட்டு அடுப்பை ஊதப் போனாள். அவள் அழுது நான் பார்த்ததே கிடையாது.

அப்போதுதான் ஊரில் மழைச்சோறு எடுத்தார்கள். பெண்கள் வீடுவீடாகக் கஞ்சி வாங்கி ஒரே பானையில் ஊற்றி, ஊரைவிட்டே போகிறவர்கள் மாதிரி மூட்டையும் முடிச்சுமாக ஒப்பாரி வைத்துக்கொண்டு எல்லைவரை நடப்பார்கள். மழை வரும், திரும்பி வாருங்கள் என்று ஆண்கள் வழிமறித்துக் கெஞ்சுவார்கள். பிறகு எல்லாரும் உட்கார்ந்து அந்தக் கஞ்சியைக் குடிப்பார்கள். வானம் இரங்குவதற்காகச் செய்கிற சடங்கு. எனக்கு அதை யாரும் சொல்லவில்லை.

அம்மாவும் தலையில் மூட்டையோடு போனாள், பின்னாலேயே நானும் போனேன். எல்லாரும் மாரடித்து அழ, இவள் மட்டும் வாயை மூடிக்கொண்டு நடந்தாள்.

"ஏத்தா, ஒன் கண்ணுல ஒரு சொட்டு வரல, வானத்துல எப்படி வரும்?" என்று அப்பாவின் அக்கா, என் அத்தை, இடித்தாள்.

"வராததுக்கு நான் என்ன செய்ய மதினி?" என்றாள் அம்மா.

எல்லையில் நின்ற சித்தப்பாவுக்கு எல்லாம் விளையாட்டு. "போகாதீக தாயி! நீங்க போயிட்டா எங்களுக்கு யாரு சோறாக்குவா?" என்று கும்பிட, அழுதுகொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள்.

நான் சிரிக்கவில்லை. சூளைக்குத்தான் கிளம்பிவிட்டோம் என்று வீட்டுக்கு ஓடினேன். சுவரில் இருந்த அம்மன் படத்தைக் கழற்றி நெஞ்சோடு அணைத்து, முள் தைத்ததுகூடத் தெரியாமல் திரும்ப எல்லைக்கு ஓடிவந்தேன்.

"எம்மா, சாமிய விட்டுட்டுப் போற? அதுக்கு யாரு வெளக்குப் பொருத்துவா?"

அம்மா மூட்டையைக் கீழே போட்டாள். படத்தையும் என்னையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். அது ஒப்பாரி இல்லை, ராகமே இல்லாத அழுகை. சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போதும்த்தா, போதும்" என்று அத்தையே தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

அன்று மழை வரவில்லை. மறுநாளும் இல்லை. "ஒங்கம்மா அழுததுக்கு வாய்க்கா வெட்டியிருந்தா கம்பங்காடு பூராவும் பாஞ்சிருக்கும்" என்று சித்தப்பா பழையபடி கேலி பேச ஆரம்பித்துவிட்டார்.

அந்த வாரக் கடைசியில், விளக்கு வைக்கிற நேரம், கிழக்கே கருத்தது. கொட்டியது பாருங்கள்! அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காட்டுக்கு ஓடினார். அம்மா வாசலில் அண்ணாந்து நின்று வாயைத் திறந்து மழையைக் குடித்தாள். கம்பு முளைத்தது, கதிர் வாங்கியது, தையில் களத்தில் குவிந்தது. மூட்டைகளை அறையில் அடுக்கிய அப்பா, ஆணியில் கிடந்த அந்தப் புதுப் பூட்டை எடுத்து அந்த அறைக்குப் போட்டார். ராஜா மாதிரி நடந்தார்.

புதுக் கம்பில் சோறாக்கி, முதல் கிண்ணத்தை அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அம்மா சாப்பிட உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்ததும் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. முகமோ சிரித்தது.

"மழதான் வந்திருச்சே, பெறகு ஏம்மா அழுகுற?"

"அழுகலடி. ருசியா இருக்கு."

நானும் ஒரு வாய் வாங்கித் தின்று பார்த்தேன். எப்போதும் தின்கிற கம்பஞ்சோறுதான். உப்பு வேறு கம்மி. அம்மாவின் நாக்குக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் அன்று நினைத்தேன்.

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். அம்மன் படத்தைத் தூக்கி வந்ததும் மழை கொட்டியது என்று கூட்ட வேண்டாம். அம்மா அழுததைக் குறைக்கவும் வேண்டாம். அந்தச் சோற்றில் உப்புக் கம்மி என்பதையும் விட்டுவிடாதீர்கள்.