ஒட்டாத ஈயம்

டின்னில் அடைத்த கறியை ஜனங்கள் அவ்வளவாக நம்பாத காலம் அது. பீப்பாயும் ஜாடியும்தான் வழக்கம். டின்னைத் திறக்க உளியும் சுத்தியலும் வேண்டும். கறியை டின்னில் அடைக்கும் ஒரு பட்டறையில், மூடிக்கு ஈயம் பற்றவைப்பவர் ஒருவருக்கு ‘சொட்டு’ என்று பட்டப்பெயர். “நான் மூடினா ஒரு சொட்டு ஒழுகாது” என்று ஓயாமல் பீற்றிக்கொண்டதால் வந்தது.

அவருடைய மச்சினிக்கும் அங்கேதான் வேலை. புருஷனை இழந்து அக்கா வீட்டோடு வந்து சேர்ந்தவள். பெண்கள் கறியை அடைப்பார்கள். சொட்டு மூடியைப் பற்றவைத்து, நடுவில் ஓர் ஊசித்துளை மட்டும் விடுவார். கொதிநீரில் டின் வெந்து ஆவி வெளியேறியதும் துளைமேல் ஒரு பொட்டு ஈயம். அதற்கு, ஈயத்தை உருக்கும் இரும்பு நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும்.

ஒருநாள் கப்பலுக்கு அவசரச் சரக்கு. பக்கத்து மேசைக்காரனை முந்திவிட வேண்டும் என்ற வீம்பில், இரும்பு காயும்வரை அவர் காத்திருக்கவில்லை. ஈயம் மேலே உட்கார்ந்ததே தவிர, தகரத்தோடு ஒட்டவில்லை; இடுக்கில் காற்று புகுந்தால் கறி கெட்டுவிடும். அது அவருக்கே தெரிந்தது. ‘பார்த்துக்கலாம்’ என்று அடுத்த டின்னை எடுத்தார்.

கப்பல் வரத் தாமதமானது. கிடங்கில் கிடந்த டின்கள் வயிறு ஊதின. மேஸ்திரி ஒன்றை உடைத்தார். கறி அழுகி நாறியது.

“எவ அழுக்குக் கையோட அடைச்சது?”

மச்சினியின் விரலில், தகரம் கிழித்த காயத்துக்குத் துணி சுற்றியிருந்தது. மேஸ்திரிக்கு அது போதும்.

“புண்ணு கையால கறியைத் தொட்டியா? நாளைலேருந்து வராத.”

அவள் மாமாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்து, ஊதிய டின் ஒன்றின் பொட்டை நகத்தால் நெம்பினார். ஈயப்பொட்டு முழுசாகப் பெயர்ந்து வந்தது. அதை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

வீட்டில் அவள்தான் பரிமாறினாள். “இன்னும் கொஞ்சம் போடவா மாமா?” அவர் தட்டைத் தள்ளி வைத்தார். பார்த்துக்கொண்டிருந்த மனைவி, “இவ கையால சாப்பிட உங்களுக்குமா கூசுது?” என்று சுள்ளென்று கேட்டுவிட்டாள். தங்கை சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

விடிந்ததும் மேஸ்திரியிடம் போய் நின்றார்.

“தப்பு என் மேலதாங்க. இரும்பு காயறதுக்குள்ள பத்தவச்சுட்டேன். அவளைத் திரும்பக் கூப்பிட்டுக்குங்க.”

மேஸ்திரி சிரித்தார். “அடைக்க ஆள் எவ்வளவோ கிடைக்கும்யா. பத்தவைக்கத் தெரிஞ்சவன் அவ்வளவு சுலபமா கிடைப்பானா? போய் வேலையைப் பாரு.”

நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. நேரே பெண்களிடம் போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நடந்ததைச் சொன்னார். யாரும் நிமிரவில்லை. ஒருத்தி மட்டும், “இதை நேத்தே சொல்லியிருந்தா அவ இன்னிக்கு இங்க நின்னுக்கிட்டிருப்பா” என்றாள்.

வீட்டுக்கு வந்து மச்சினியிடமும் சொன்னார்.

“எனக்குத் தெரியும் மாமா. நீங்க கையை மூடினப்பவே தெரியும்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?”

“உங்க வேலையும் போச்சுன்னா அக்கா அடுப்புல என்னத்தை வைப்பா?”

காயம் ஆறியதும் பாட்டில் கழுவும் இடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அதுவரை அவள் ஏதாவது கேட்டால் அவர் சுவரைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். அதற்குப் பிறகும் அப்படித்தான்.