மதிலுக்கு அப்பால் ஓடிய கார்

நான் காக்கா என்று கூப்பிடும் அண்ணனின் ஓ.எல். பரீட்சை முடிந்த நாள் பின்னேரம் வாப்பா அலுமாரியைத் திறந்து கேம் கொன்ட்ரோலரை வெளியே எடுத்தார். கட்டாரிலிருந்து மாமா அனுப்பிய, வயர் இல்லாத கொன்ட்ரோலர். பரீட்சைக்கு ஐந்து மாதம் இருக்கும்போதே அதைப் பறித்துப் பூட்டியிருந்தார். கணித ஆசிரியரின் மகன் கணிதத்தில் கோட்டைவிட்டால் எங்கள் ஊர் சாய்ந்தமருதில் தலைகாட்ட முடியாது என்பது அவருடைய கவலை. சொன்னபடி திருப்பிக் கொடுத்துவிட்டு அசர் தொழுகைக்குப் போனார். தொழுதபின் கடற்கரையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வருவது அவர் வழக்கம். இரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்துக்கு டொக்டர் சொன்ன வைத்தியம் அது.

எனக்கு அப்போது பத்து வயது. காக்கா விளையாடும்போது பக்கத்தில் இருந்து பார்ப்பதும், அவர் தோற்றால் பழியை ஏற்றுக்கொள்வதும் என் வேலை.

காக்கா கம்பியூட்டரைப் போட்டு, கொன்ட்ரோலரின் நடுப் பொத்தானை அழுத்தினார். வெள்ளை லைட் மின்னியது. கம்பியூட்டர் தேடித் தேடிக் களைத்து, ஒன்றும் இல்லை என்றது. பெட்டரி மாற்றினார். புளூடூத்தை நிறுத்திப் போட்டார். பழைய பெயரை அழித்துவிட்டு மறுபடி தேடினார். கம்பியூட்டரையே நிறுத்தி, பத்து வரை எண்ணிப் போட்டார். எங்கள் டெலிபோன், வாப்பாவின் டெலிபோன், முன்வீட்டுக்காரரின் ஸ்பீக்கர் எல்லாம் திரையில் வந்தன. கொன்ட்ரோலர் மட்டும் வரவில்லை.

"நீ இதக் கொண்டு ஊடு முழுக்க நடந்து பாரு. லைட் எங்க நிக்குதெண்டு செல்லு" என்றார் காக்கா.

நான் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தேன். முன் அறையில் மின்னியது. சாப்பாட்டு மேசையடியில் மின்னியது. உம்மா சமைக்கும் குசினியைத் தாண்டிப் பின்வளவுக்கு வந்ததும் மின்னுவது நின்று, லைட் அப்படியே எரிந்தது.

"காக்கா, நிண்டுட்டு."

"கனெக்ட் ஆகிட்டா? இஞ்ச ஒண்டும் காட்டல்லையே" என்று உள்ளிருந்து குரல் வந்தது. பிறகு அவரே வெளியே வந்து லைட்டைப் பார்த்தார். "அப்ப எதோட கனெக்ட் ஆகியிரிக்கி?"

வீட்டில் வேறு கம்பியூட்டர் கிடையாது. கொன்ட்ரோலரைத் திருப்பியதில் என் விரல் பின்பக்க விசையில் அழுந்தியது. மதிலுக்கு அப்பால் ஒரு கார் உறுமியது. விரலை எடுத்தேன், நின்றது. மறுபடி அழுத்தினேன், மறுபடி உறுமியது. ஜின்னின் வேலை என்று முடிவுசெய்து, தெரிந்த ஓதலையெல்லாம் ஓதத் தொடங்கினேன்.

மதிலுக்கு அப்பால் இருந்தது சாச்சாவின் வீடு. சாச்சா வாப்பாவின் ஒரே தம்பி. இறக்காமத்து வயலைப் பங்கிட்டபோது இருவருக்கும் முறிந்துபோனது. அந்த வாசலை இனி எங்கள் வீட்டில் யாரும் மிதிக்கக் கூடாது என்று அன்று வாப்பா சொன்னார். மூன்று வருடமாக யாரும் மிதிக்கவில்லை. பக்கவாதத்தில் வலப்பக்கம் இழுத்துச் சாச்சா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் வாப்பா போகவில்லை, உம்மாவையும் போக விடவில்லை. இவரும் ஒரு மனிசனா என்று ஊரே கதைத்தது.

காக்கா உடுப்புக் கழுவும் கல்லில் ஏறி, என்னையும் தூக்கி நிறுத்தினார். எதிரே சாச்சாவின் ஜன்னல் திறந்திருந்தது. மேசையில் ஒரு லெப்டொப். அதன் திரையில் எங்கள் கேமில் வரும் அதே சிவப்புக் கார், சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. முன்னால் ஒரு நீளக் கதிரை. அதில் சாச்சா, மெலிந்து, வலக்கை மடியில் கிடக்க, தானாக ஓடிய காரைப் பார்த்து வாயைத் திறந்தபடி இருந்தார். அவருக்குத் தோளோடு தோள் ஒட்டியபடி இன்னொருவர் இருந்தார்.

அது எங்கள் வாப்பா.

நான் கல்லிலிருந்து விழாமல் இருந்தது காக்கா பிடித்திருந்ததால்தான். வாப்பா மெதுவாகத் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். மதிலுக்கு மேலே இரண்டு தலைகள். வகுப்பில் எந்தப் பிள்ளையும் கேட்காத கேள்வியை ஒரு பிள்ளை கேட்டுவிட்டதுபோல் இருந்தது அவர் முகம்.

சாச்சாவின் மகள், கெம்பஸில் படிக்கும் எங்கள் ராத்தா, மதிலடிக்கு ஓடி வந்தார்.

"ஒங்கட கையிலயா அது இரிக்கி? நாங்க பயந்தே பெயித்தம்."

காக்கா என் கையிலிருந்த கொன்ட்ரோலரைத் தூக்கிக் காட்டினார்.

"விரலுக்கு வேல குடுக்கணுமெண்டு டொக்டர் பந்து ஒண்டு தந்தாரு. எங்கட வாப்பா அத எறிஞ்சிட்டாரு. பொறகு ஒரு நாள் பெரியப்பா இத பேக்குக்குள்ள போட்டுக் கொண்டு வந்தாரு. அஞ்சு மாசமா ஒவ்வொரு நாளும் வாறாரு. வாப்பாட விரலப் பிடிச்சி அமத்துவாரு. இப்ப வாப்பா தனியவே அமத்துறாரு."

"ரெண்டு பேரும் கதைப்பாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. விளையாடுவாங்க. அவ்வளவுதான்."

பிறகு காக்காவைப் பார்த்து, "ரெண்டு பொத்தானையும் சேத்து அமத்திப் பிடிங்க தம்பி, ஒங்கட கம்பியூட்டர் கண்டுபிடிக்கும். சும்மா அமத்தினா என்ட லெப்டொப்புக்குத்தான் வரும்" என்றார்.

காக்கா அமத்தவில்லை. அதற்குள் நான் கல்லிலிருந்து குதித்துக் குசினிக்கு ஓடினேன். இவ்வளவு பெரிய செய்தியை முதலில் சொல்லும் வாய்ப்பு எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. வாப்பா சாச்சா வீட்டில் இருக்கிறார், தினமும் போகிறார், ஐந்து மாதமாகப் போகிறார் என்று ஒரே மூச்சில் சொன்னேன். உம்மா மகிழ்ந்து என்னைக் கட்டிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன்.

உம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு அப்படியே நிலத்தில் குந்தினார். சாச்சாவின் மனைவி சாச்சியும் உம்மாவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். சாச்சியை இந்தக் குடும்பத்துக்குக் கேட்டுப் போனதே உம்மாதான்.

"அவள்ட உம்மா மௌத்தாகினதுக்கும் நான் போகல்ல" என்றார் உம்மா, என்னிடம் அல்ல. "இந்த மதிலுக்கு இஞ்சால நிண்டு அவள் அழுறதக் கேட்டுக்கிட்டு நிண்டன். போகாதெண்டு செல்லிட்டு, இவர் போயிருக்காரு."

மஃரிப் தொழுகைக்குப் பிறகு வாப்பா வந்தார். உம்மா சோறு போடவில்லை. வாப்பா தானே போட்டுச் சாப்பிட்டு, சோற்றுக் கோப்பையையும் கழுவி வைத்தார். அன்றைக்கு நான் கண்ட அதிர்ச்சிகளில் அது சிறியதல்ல. அடுத்த இரண்டு நாளும் வாப்பா தானே போட்டுச் சாப்பிட்டார். காக்கா கொன்ட்ரோலரைத் தொடவே இல்லை.

மூன்றாம் நாள் உம்மா அபாயாவைப் போட்டுக்கொண்டு, மேசையில் கிடந்த கொன்ட்ரோலரை எடுத்தார். வாப்பா கதவடியில் நின்றார். உம்மா அவரைக் கேட்காமல், பாராமல், முன் கேற்றால் இறங்கித் தெருவைச் சுற்றிச் சாச்சா வீட்டு வாசலுக்குப் போனார். பின்னேரம் முழுக்க வரவில்லை. மதிலடியில் நின்று காது கொடுத்தேன். காரின் உறுமலுக்கு நடுவே உம்மாவின் குரலும் சாச்சியின் குரலும் மாறி மாறி உயர்ந்தன. பிறகு இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்து அழும் சத்தம் கேட்டது.

இருட்டும் நேரம் உம்மா திரும்பினார். கண்கள் வீங்கியிருந்தன. அபாயாவின் தோள்பக்கம் நனைந்திருந்தது. நான் காக்காவிடம் ஓடிப்போய், உம்மாவும் சாச்சியும் பெரிய சண்டை பிடித்துவிட்டார்கள், இனி அந்த வீட்டோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னேன்.