ஊரே தள்ளிவிட்ட என் கார்

நாலாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனால் புளி வியாபாரம் செய்தே சொந்தக் கார் வாங்கினவன் எங்கள் பக்கத்தில் நான் ஒருவன்தான். பாட்டரி மட்டும் நோஞ்சான். அதனால் இறக்கத்தைப் பார்த்தே நிறுத்துவேன். கிளம்பும்போது நாலு பேர் ஓடிவந்து தள்ளுவார்கள். அதிலும் எனக்கு ஒரு பெருமை.

கெலமங்கலம் சந்தையன்று காரைக் கடைவீதியில் நிறுத்திவிட்டு மண்டிக்குப் போனேன். திரும்பி வந்தால் காரைக் காணோம். வெற்றிலைக்கடை முனியப்பன் கைப்புழுதியைத் தட்டிக்கொண்டே சிரித்தான்.

"இப்பத்தாங்க மொதலாளி தள்ளிவுட்டோம். உங்க புது டிரைவராமே! 'ஸ்வல்ப தள்ளி', கொஞ்சம் தள்ளுங்கன்னு கன்னடத்துல கேட்டாரு."

"எனக்கு ஏதுடா டிரைவர்? என் காரை என்னைத் தவிர எவன்டா ஓட்டுவான்?"

அவன் சைக்கிளைப் பிடுங்கி மிதித்தேன். மைசூர் எல்லையைத் தாண்டிவிட்டால் எங்கே போய்த் தேடுவது? நல்லவேளையாக, வளைவில் சந்தை மாட்டு வண்டிகள் வழியை அடைத்து நின்றன. கார் அணைந்துபோயிருந்தது. வண்டிக்காரர்கள் மாடுகளைப் பிடித்துக்கொண்டு நின்றதால் தள்ள ஆளில்லை. என்னைக் கண்டதும் திருடன் கேழ்வரகுக் கொல்லைக்குள் பாய்ந்து ஓடிவிட்டான்.

இப்போதெல்லாம் மேட்டைப் பார்த்துத்தான் நிறுத்துகிறேன். என்ஜினுக்குள் இருக்கும் ரோட்டர் என்ற சின்னத் துண்டையும் கழற்றி மடியில் முடிந்துகொள்கிறேன். அது இல்லாமல் எந்தக் கொம்பனாலும் கிளப்ப முடியாது. அப்படியும் மனம் அடங்குவதில்லை. கல்லாவியில் ஒரு கல்யாணப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்க் காரைப் பார்த்தேன். அங்கே நின்ற ஒருவர் அன்பாக, "தள்ளட்டுங்களா?" என்றார்.

நான் பந்திக்குத் திரும்பவே இல்லை.