சேவ் பண்ணவா என்று கேட்காத புது வெர்ஷன்

1. சும்மா வந்த சாமான்

தலவாக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரிண்டிங் கடையில் டிடிபி வேலை பார்க்கிறேன். தலைமயிர் நரைத்ததே இந்த ஸ்கிரீன் முன்னால்தான். கல்யாணக் கார்டு, திருவிழா நோட்டீஸ் எல்லாம் வரும். ஆனாலும் கடைக்குச் சோறு போடுவது மரண அறிவித்தலும் கண்ணீர் அஞ்சலி பேனரும்தான்.

தேயிலைத் தோட்டத்தில் இறந்துபோகிறவர்களுக்குப் பெரும்பாலும் உருப்படியாக ஒரு படம்தான் இருக்கும், அடையாள அட்டையில். அதை ஸ்கேன் பண்ணி, முகத்தை மட்டும் வெட்டி, என்னிடம் இருக்கும் மெரூன் பட்டுச்சேலை உடம்பில் ஒட்டுவேன். ஆண்களுக்குக் கோட்டு. இந்தப் பக்கத்தில் போய்ச் சேர்ந்த பாதிப் பெண்கள் அந்த ஒரே சேலையைத்தான் கட்டியிருக்கிறார்கள். யாரும் குறை சொன்னதில்லை. "உசுரோட இருக்கயில கட்டல, இப்பவாவது கட்டட்டுங்க" என்பார்கள்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த கடையில், படம் திருத்துகிற சாஃப்ட்வேரில் முதலாளிக்குப் புது வெர்ஷன் ஆசை வந்தது.

"மேரி, ஒரு மாசம் ட்ரையல். சும்மாதானே, போட்டுப் பாப்போம். போட்டோவ அதுவே கிளியர் பண்ணுதாம். ஹட்டன்ல எல்லாரும் மாத்திட்டாங்க."

"இருக்கது நல்லாத்தானே ஓடுது முதலாளி?"

"நீ இப்படியே இரு. லயத்துப் புத்தி போகாது."

அவரும் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவர்தான். கடை போட்ட பிறகு மறந்துவிட்டார்.

பழைய வெர்ஷனில் என் வழக்கம் இது. ஸ்கேன் பண்ணிய படத்தை நேராகத் திறப்பேன். அதன் மேலேயே வெட்டி, துடைத்து, பேனருக்கு எடுத்துக்கொள்வேன். மூடும்போது "சேவ் பண்ணவா?" என்று கேட்கும். "நோ" கொடுப்பேன். ஸ்கேன் பண்ணிய படம் அப்படியே இருக்கும். ஓராண்டு நினைவுக்கு அதே வீட்டார் திரும்ப வருவார்கள், அதற்காக. இந்த "நோ"வை யோசிக்காமலே விரல் அழுத்தும்.

புது வெர்ஷன் கேட்பதில்லை. நாம் செய்வதையெல்லாம் அந்தந்த நொடியே பழையதன் மேல் சேவ் பண்ணிக்கொள்ளும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

2. ராமாயி

அந்த மாதம்தான் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சண்முகம் என்பவர் வந்தார். மனைவி ராமாயி கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது குளவி கொட்டி இறந்துவிட்டார். மனைவியின் அடையாள அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"வேற படம் இல்லீங்களா ஐயா?"

"லயம் எரிஞ்சப்ப எல்லாம் போச்சு தாயி. இது அவ இடுப்புப் பையில இருந்திச்சு, தப்பிச்சிருச்சு. ஃபோன்ல எடுக்க விடமாட்டா. எடுத்தா முந்தானையால மூடிக்குவா."

அட்டையை என் பக்கம் நகர்த்தினார். பிறகு சொன்னார்: "மக சிவகாமி குவைத்ல வீட்டு வேலைக்கு இருக்கா. விடமாட்டேங்கிறாங்களாம், வர முடியாது. ஃபோன்ல காட்டலாம்னா இவ மூஞ்சி வீங்கிக் கெடக்கு. அதப் பெத்த புள்ளைக்குக் காட்ட மனசு வரல. பேனரப் படம் புடிச்சு அனுப்பிவிடுறேன். அவ அதுலதான் அம்மாவப் பாக்கணும். நல்லாப் பண்ணிக் குடு தாயி."

அட்டை நடுவில் கீறியிருந்தது. ஓரம் பூஞ்சணம் பிடித்து மங்கியிருந்தது. "புதுசுல போடு மேரி" என்று முதலாளி தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். போட்டேன். ஒரே அமுக்கு. கீறல் போயிற்று. கண் பளிச்சென்று ஆயிற்று. ஒட்டிய கன்னம் நிரம்பியது. கொழுந்துக் கூடைக் கயிறு உச்சந்தலையில் தேய்த்து முடி கொட்டியிருந்த இடத்தில் முடி முளைத்தது. முதலாளி கையைத் தட்டினார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

சண்முகம் ஸ்கிரீனை வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்காங்க" என்றார். கட்டிக் குடும்பம் நடத்திய பெண்டாட்டியை 'இருக்காங்க' என்கிறாரே என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அடுத்த ஆள் காத்திருந்தார், நான் ஃபைலை மூடிவிட்டேன். அட்டையை அவர் எடுத்துப் போனார். மரணப் பதிவின்போது அலுவலகத்தில் அதை வாங்கிக்கொண்டார்களாம்.

3. குவைத்திலிருந்து

ட்ரையல் முடிந்தது. டாலரில் கட்டச் சொன்னது. முதலாளிக்குப் புது ஆசை தணிந்து, பழைய வெர்ஷனுக்கே திரும்பிவிட்டோம். அதன் பிறகு ஒருநாள் கடை ஃபோன் அடித்தது.

"அக்கா, நான் சிவகாமி. ராமாயியோட மக. பேனர்ல ஒங்க நம்பர் இருந்திச்சு."

"சொல்லும்மா."

"அந்தப் படத்துல இருக்கது யாருக்கா?"

அவளே பேசினாள். "அன்னைக்கு அழுகையில ஒண்ணும் தோணல. அப்புறம் தெனமும் எடுத்துப் பாக்குறேன். எங்கம்மா இல்லக்கா அது. கார்டுல இருந்தத மட்டும் அனுப்புங்க. கீறலோட இருந்தாலும் பரவால்ல."

"இருக்கும்மா, இப்பவே அனுப்புறேன்" என்று சொல்லி ஸ்கேன் ஃபோல்டரைத் திறந்தேன். ராமாயி என்ற பெயரில் ஒரு ஃபைல்தான் இருந்தது. அதில் அந்தப் புது முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

ஹட்டனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணுகிறவரைக் கேட்டேன். மாற்றுவதற்கு முந்தைய படம் இன்டர்நெட்டில் கொஞ்ச நாள் இருக்குமாம், ட்ரையல் முடிந்ததும் அழித்துவிடுவார்களாம். சண்முகம் அட்டையைத் தேடி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். மேலே அனுப்பியாயிற்று என்றார்கள். அதற்கு மேலே போக அவருக்கு வழி தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

முதலாளி சொன்னார்: "இதுக்குப் போய் அழுவாங்களா? முன்னவிட அழகாத்தானே இருக்கு?"

"ஒங்கம்மா படத்த இப்படிப் பண்ணியிருந்தா சும்மா இருப்பீங்களா?" என்று கத்திவிட்டேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். அவர் டீ குடிக்கப் போய்விட்டார். அந்தக் கோபத்தால் யாருக்கும் ஒரு பலனும் இல்லை.

4. அவள் வந்தபோது

ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியதும் சிவகாமி கடைக்கு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்கதானே அந்தக் கார்டக் கடைசியாப் பாத்தீங்க. பெருசாக்கிக்கூடப் பாத்திருப்பீங்க. நான் போன பொறகு எடுத்த கார்டு அது, எனக்கு அஞ்சு வருசத்துக்கு முந்துன மூஞ்சிதான் தெரியும். எங்கம்மா எப்படிக்கா இருந்தாங்க?"

யோசித்தேன். கீறல் எங்கிருந்து எங்கே ஓடியது என்று சொல்ல முடியும். பூஞ்சணம் எந்த மூலையில் என்று சொல்ல முடியும். முகம் மட்டும் வரவேயில்லை. இத்தனை வருஷமாக நான் முகங்களை வெட்டியிருக்கிறேன், ஓரம் பார்த்து வெட்டியிருக்கிறேன். ஒன்றையும் பார்த்ததில்லை. ஆறுதலுக்காவது ஒரு பொய் சொல்லலாமென்றால், அதற்கும் ஒரு முகம் தெரிந்திருக்க வேண்டுமே.

"கீறல்தாம்மா ஞாபகம் இருக்கு" என்றேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், புது வெர்ஷன் எதுவானாலும் முதலில் ஸ்கேனை ஒரு காப்பி எடுத்துத் தனியாக வைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அது தொழில். இன்னொன்றும் உண்டு. வெட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் அந்த முகத்தைப் பாருங்கள். இப்போது நான் பார்க்கிறேன். ராமாயிக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

சிவகாமி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போய் நின்றாள்.

"மொதல்லயெல்லாம் கண்ண மூடுனா அம்மா வருவாங்கக்கா. இப்ப மூடுனாலும் ஒங்க படந்தான் வருது."