மாறிரும்னு சொன்னேன்

வண்டிப்பெரியார் பஸ் நிறுத்தத்துக்கு எதிர்க் கடையில் டீ வாங்கினால், ஆறும்வரை கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பேன். அத்தான் இருந்திருந்தால் இதற்குள் இரண்டாவது டீ சொல்லியிருப்பார். என் அக்காளைக் கட்டியவர். எஸ்டேட் தொழிற்சாலையில் தேயிலையை உலர்த்தும் டிரையரைக் காலமெல்லாம் பார்த்தவர். சூடுகாட்டும் கருவியை நம்பவே மாட்டார். கொட்டுகிற தூளை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்து, "சூட்டக் கைகிட்டத்தான் கேக்கணும் மாப்ள" என்பார்.

அப்படிப்பட்டவருக்குக் கணையத்தில் புற்று வந்தது. ரத்தக்குழாயைச் சுற்றிப் பிடித்திருந்ததால் கத்தி வைக்க வழியில்லை. வலி முதுகுக்குப் பாயும். முன்னால் குனிந்து உட்கார்ந்தபடியே தூங்குவார். டீயையே மறந்துபோனார். பிறகு கோட்டயத்தில் ஒரு டாக்டர், வாய் வழியாகக் குழாய் இறக்கி, அதன் வழியே மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்திச் சூட்டால் கருக்கலாம் என்றார். குமுளியில் ஜீப் ஓட்டி நாளெல்லாம் மலையாளம் பேசுகிறவன் என்று விவரம் கேட்க என்னை உள்ளே அனுப்பினார்கள். அத்தான் வெளியே பெஞ்சில் இருந்தார். டாக்டர் ஒளிக்கவில்லை. "அசுகம் மாறில்லா. வேதன மாறும்."

மலையாளத்தில் மாறும் என்றால் தீரும். எஸ்டேட்டில் நாங்களும் காய்ச்சல் மாறிட்டா என்றுதான் கேட்போம். நோய் தீராது, வலி தீரும் என்கிறார். வெளியே வந்ததும் அத்தான் என் முகத்தைப் பார்த்தார். "மாறிரும்னு சொல்லுதாரு அத்தான்" என்றேன். எது மாறும் என்று சொல்லவில்லை. பொய் சொல்லவில்லையே என்று சமாதானம் செய்துகொண்டேன். கோழைத்தனம்தான், வேறென்ன. உள்ளே சூடு வைப்பார்கள் என்றதும் சிரித்தார். சிறுவயதில் மஞ்சள்காமாலைக்கு வயிற்றில் சூடு போட்ட தழும்பைத் தடவி, அப்போது வெளியே, இப்போது உள்ளே என்றார்.

வலி உண்மையாகவே விட்டது. சில மாதம் நிமிர்ந்து நடந்தார். ஒரு மதியம் இந்தக் கடைக்கு என்னைக் கூட்டிவந்து, ஆவி பறக்கும் டீயை ஒரே மூச்சில் பாதி குடித்தார். அடுத்த வருசத்துக்குப் பேசியிருந்த மகள் கல்யாணத்தை இந்த மாதமே வைத்துவிடலாம் என்றார். உடம்பு தேறிவரும்போது என்ன அவசரம் என்று கேட்டேன்.

"வேதனதான் மாறும்னாரு மாப்ள. கதவு தொறந்துல்லா கெடந்துச்சு." கிளாஸைக் கீழே வைத்தார். "ஒங்க அக்காட்ட மட்டும் நீ சொன்னமாரியே இருக்கட்டும்."

மகளைக் கைப்பிடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த மழை தொடங்குமுன் போய்விட்டார். நான் உண்மையை மறைத்த அத்தனை நாளும், நான் வருந்தக் கூடாதென்று அது தனக்குத் தெரியும் என்பதை அவர் மறைத்திருக்கிறார். எதிரே உட்கார்ந்து இன்னும் ஒரே ஒரு டீ குடிக்கமாட்டாரா என்று மனசு கிடந்து ஏங்குகிறது.

இப்போதும் அக்காள் போனில் கேட்கிறாள்: "டாக்டரு மாறிரும்னுதானல சொன்னாரு?"

ஆமாக்கா என்கிறேன். கையில் கிளாஸ் இன்னும் சுடுகிறது.