இடது கை மடிப்புத் தையல்

சின்னவள் ஒரு வருஷமாகக் கறுவிக்கொண்டிருந்தாள். சீருடை தைக்கும் பட்டறையில் காலர் வைக்கிறவள் அவள். பகல் முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கையால் குழந்தைக் கவுன் தைப்பாள். இடது கைக்காரி. அதற்காகவே 'நொட்டாங்கை' என்று அவளுக்குப் பட்டம் கட்டியது கணவனின் அண்ணி, மாடி வீட்டு மூத்தவள். வீடே அப்படித்தான் கூப்பிட்டது.

போன வருஷம் மாநிலப் பொருட்காட்சியின் தையல் போட்டிக்கு ஒரு கவுன் தைத்தாள். ஒப்படைக்க வேண்டிய நாளில் பட்டறையில் லீவு கிடைக்கவில்லை. மூத்தவளிடம் கொடுத்தனுப்பினாள். பரிசு நாளன்று குடும்பமே வேன் பிடித்துப் போய், ராட்டினத்துக் கூட்டத்தை முண்டியடித்துக்கொண்டு மேடைக்கு முன்னால் நின்றது. முதல் பரிசுக்குக் கூப்பிட்டார்கள், மூத்தவள் பெயரை. அவளும் கூச்சநாச்சமில்லாமல் மேடையேறிக் கோப்பையை வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

"ஒரே குடும்பம்தானே. யார் பேரு போட்டா என்ன?" என்றாள்.

விடு, ஒரு தகரக் கோப்பைக்காகவா சண்டை என்றான் கணவன். மாமியாருக்கு அப்பள ராட்டினத்தில் ஏறலாமா வேண்டாமா என்பதே பெரிய கவலை. சின்னவளுக்கு வயிறு எரிந்தது. மூத்தவள் டிவிக்கு மேலே வைத்த கோப்பையை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டக் காட்ட இன்னும் எரிந்தது. இது சின்னவள் கை வேலை என்று ஊர் முன்னால் ஒருவராவது சொல்ல வேண்டும். மூத்தவள் நின்று அதைக் கேட்க வேண்டும். அதற்குமேல் அவளுக்கு எதுவும் வேண்டாம்.

அன்று பொருட்காட்சியை விட்டுக் கிளம்பும் முன்பே அதன் வாசலில் இருந்த ஆலோசனைப் பெட்டியில் ஒரு சீட்டு எழுதிப் போட்டிருந்தாள். ஜெயிக்கிறவர் மேடையிலேயே கொஞ்சம் தைத்துக் காட்டட்டும் என்று. அதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தாள். இந்த வருஷம் பட்டறைச் சுவரில் ஒட்டிய போட்டி விதிமுறைகளில் ஐந்தாவதாக அது இருந்தது. நாலு தடவை படித்தாள்.

கவுனை முடித்துத் தானே மாடியேறி நீட்டினாள். இந்தத் தடவையும் லீவு இல்லைக்கா, நீங்களே கொடுத்துடுங்க என்றாள். பெயர் எழுதும் இடத்தைத் தவிர எந்தப் படிவத்தையும் படிக்கிற வழக்கமில்லை மூத்தவளுக்கு. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்திருப்பாள்.

மறுபடியும் வேன், மறுபடியும் கூட்டம், மறுபடியும் மூத்தவள் பெயர். நடுவர், ரிட்டயரான தையல் டீச்சர். கவுனின் ஓர மடிப்பில் ஒரு விரல் நீளத்துக்குப் பிரித்து, ஊசியோடு மூத்தவள் கையில் கொடுத்தார். மூத்தவள் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்வாளா? உட்கார்ந்து தைத்தாள்.

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மைக்கை இழுத்துச் சொன்னார்: "மத்த தையலெல்லாம் ஒரு பக்கம் சாயுது. நீங்க போட்டது எதிர்ப்பக்கம் சாயுது. இதைத் தச்சது இடது கைக்காரங்க."

மாமியாருக்குச் சூது வாது தெரியாது. குரல் மட்டும் மைக் வேண்டாத குரல். "இடது கையா? அது எங்க சின்னவளாச்சே!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. சின்னவள் அந்தக் கையையே தூக்கிக் காட்டினாள். இவங்க வேலைதான் என்று டீச்சர் மைக்கில் சொன்னார். ஆனால் பெயரை மாற்றிக் கொடுத்ததால் பரிசு இரண்டாவதாக வந்தவருக்குப் போனது. விதி விதிதான். சின்னவளுக்கு அதில் ஒரு துளி வருத்தமில்லை. வயிறு குளிர்ந்துபோயிருந்தது.

திரும்பும் வழியில், வேனில், மூத்தவள்தான் மெதுவாகக் கேட்டாள்: "தெரிஞ்சேதான் செஞ்சியா?"

"ஒரே குடும்பம்தானேக்கா," என்றாள் சின்னவள். "யார் பேரு கெட்டா என்ன?"